லேசான சுவர்

தறியில் மிஞ்சிய பட்டுத் துண்டுகளை ஒட்டுப்போட்டு மெத்தை விரிப்பு தைப்பவள் சொர்ணா. எந்தத் துண்டு எங்கே வரவேண்டும் என்று தரையில் பரப்பி, குனிந்து குனிந்து பார்த்தே அவள் இடுப்பு விட்டுப்போயிற்று. அதற்காகத்தான் மகன் யுவராஜ் தெர்மாகோல் பலகைகளைச் சேர்த்து, மேலே பழைய கம்பளியை இழுத்துக் கட்டி, பிளாஸ்டிக் குழாயில் கால்கள் பொருத்தி, ஆளுயரத்துக்கு ஒரு நகர்த்தும் சுவர் செய்துகொண்டிருந்தான்.

"இதுல குண்டூசியால குத்தி, நின்னுக்கினே பாரும்மா. ஒத்தக் கையால தூக்கி எங்க வேணா வெச்சுக்கலாம்."

"அதுக்கு எதுக்குடா என் ரூம் வாசலை அளந்துக்கினு இருக்கறே?"

"அளவு சரியா இருக்கணும் இல்ல?"

கதவில்லாத அறை அது. பழைய புடவைதான் திரை. பிள்ளைக்குத் தன் வேலைமேல் இவ்வளவு அக்கறையா என்று சொர்ணா பூரித்துப்போனாள். இருப்பதிலேயே நல்ல துண்டுகளாகப் பொறுக்கிக் குத்தி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வீட்டார் வந்தார்கள். வேன் சத்தம் கேட்டதுமே யுவராஜ் அந்தச் சுவரைத் தூக்கி, அவள் அறை வாசலை அடைத்து நிறுத்தினான்.

"உள்ளயே இரும்மா. திரை பறந்தா உன் மூஞ்சியில இருக்கற வெள்ளைத் திட்டு தெரிஞ்சிடும். கல்யாணம் முடியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்."

கூடத்தில் பெண்ணின் அம்மா சுவரைப் பார்த்து வியந்தாள். "எவ்ளோ அழகா இருக்குது! உங்க அம்மா தெச்சதா? அவங்க எங்க?"

"ஐயம்பேட்டைக்கு, பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க. இது கடையில வாங்கினது."

பெருமூச்சு விட்டாலே ஆடிவிடும் சுவர். சொர்ணா மூச்சை அடக்கிக்கொண்டாள்.