சத்தமில்லாத தலையணை

காலையில் எழுந்து பால் காய்ச்சினேன். மாமியாருக்கு ஒரு டம்ளர் காபி, எனக்கு ஒன்று. படுக்கையைத் தட்டிப் போட்டபோது தலையணை வழக்கம்போலப் பேசியது: “நேற்றிரவு அகற்ற வேண்டிய ஒலி எதுவும் இல்லை. நன்றாகத் தூங்கினீர்கள்.”

பக்கத்தில் படுப்பவரின் குறட்டை காதில் விழாமல் அழித்துவிடும் தலையணை அது. கல்யாணமான புதிதில் வாங்கினேன். “என் கச்சேரிக்கு இருந்த ஒரே ரசிகரும் போயாச்சா?” என்று ஆதிரை சிரித்தாள். அது இல்லாமல் எனக்கு இப்போதும் தூக்கம் வருவதில்லை.

தூக்கத்திலேயே பக்கவாதம் வந்து அவள் மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்தபோது டாக்டர் கேட்டார்.

“குறட்டைக்கு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருமா? அப்படி இருந்தா, பக்கவாதத்துக்கு அதுவே வழி வச்சிருக்கும்.”

“தெரியாது டாக்டர்.”

“பக்கத்துலதானே படுத்திருந்தீங்க?”

தலையணையைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் கண் திறக்கவே இல்லை.

இன்று மாமியார் காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். “கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னா மாப்ளே?”

“உங்களப் பத்திதான் பேசிட்டிருந்தா அத்தை. தீபாவளிக்கு வந்து உங்ககூட நாலு நாள் இருக்கணும்னா.”

அவர் அதை அப்படியே நம்பினார். என் தலையைத் தடவிக் கொடுத்தார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பக்கவாதம் வந்த அந்தக் கடைசி இரவில், விளக்கை அணைத்தபின் ஆதிரை சொன்னது வேறு.

“இன்னிக்கு ஒரு நாள் அந்தத் தலையணை வேணாங்க. நான் எப்படி மூச்சு விடுறேன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்.”