மூன்று நாள் மாத்திரை

"மூணு நாளா ஆஸ்பிரின் சாப்பிட்டும் முட்டி வீக்கம் வத்தலையே!" என்ற டாக்டரின் முகம் மாறியது. "வாதக் காய்ச்சல்னா ரெண்டே நாள்ல வலி பறந்திருக்கணும். அப்ப இது வேற ஏதோ பெரிய வியாதி. நாளைக்கே எலும்புக்குள்ள ஊசி போட்டுச் சோதிச்சுடுவோம்."

அப்பாவின் தோளில் கிடந்த ஏழு வயது மகள் வீறிட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அப்பா வெளியே தூக்கிக்கொண்டு போனதும், அம்மா கதவைச் சாத்தினாள்.

"ஊசி வேண்டாம் டாக்டர். நான் ஆஸ்பிரினே குடுக்கல. அதுக்குப் பதிலா சத்து மாத்திரையைக் குடுத்தேன்."

"ஏம்மா?"

"மருந்துக்கடையில வேலை பார்க்கிறேன். பிள்ளைங்களுக்கு ஆஸ்பிரின் ஆகாதுன்னு பன்னிரண்டு வருஷமா ஊருக்கே சொல்லிட்டிருக்கேன். குடுக்கக் கை வரல."

"பொதுவா ஆகாதுதான். ஆனா இந்தக் காய்ச்சலுக்கு அதுதாம்மா மருந்து. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"உங்களைவிட எனக்குத் தெரியும்னு நினைச்சுட்டேன்."

அன்றே சரியான மாத்திரையைக் கொடுத்தாள். இரண்டாம் நாள் மகள் தானாக எழுந்து நின்றாள்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அம்மா வேளை தவறாம மருந்து குடுத்ததாலதான்டா நீ நடக்கிற. போய் ஒரு முத்தம் குடு!"

மெல்ல நடந்து வந்து மகள் கொடுத்த முத்தம், அம்மாவுக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது.