உளுத்த விட்டமும் உறுதியான விட்டமும்

பழைய வீடு ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டு, உட்கார்ந்தே சாப்பிட வேண்டும் என்று ஒரு பெருச்சாளிக்கு ஆசை வந்தது. ஓணானின் வீடு விலைக்கு வந்தது. பார்த்ததுமே பெருச்சாளிக்குப் பிடித்துப்போனது. ஆனாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தது.

“ஓணான் அண்ணே, இதெல்லாம் ஒரு வீடா? சுவர் முழுக்க ஓதம். விட்டம் உளுத்துப்போச்சு. இன்னைக்கோ நாளைக்கோ தலையில விழுந்துடும்!”

ஓணானுக்கு முகம் சுருங்கிவிட்டது. பாதி விலைக்கே வீட்டைக் கொடுத்துவிட்டுப் போனது.

பெருச்சாளி மீசையை முறுக்கிக்கொண்டிருக்கும்போதே, வாடகைக்கு வீடு கேட்டுக் குஞ்சுகளோடு ஒரு புறா கூரையிலிருந்து இறங்கி வந்தது.

“வாம்மா! அந்தக் காலத்துக் கட்டடம். விட்டத்தைப் பாரு, இரும்பு மாதிரி!”

“நான் இவ்வளவு நேரமும் மேலேதாங்க இருந்தேன். விட்டம் உளுத்துப்போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அது வாங்குறதுக்காகச் சொன்னதும்மா. இது வாடகைக்காகச் சொல்றது.”

“அப்போ அதுக்குக் கீழே கொஞ்சம் படுத்துக் காட்டுங்களேன்.”

பெருச்சாளிக்கு வேறு வழியில்லை. போய்ப் படுத்தது.

“படுத்ததுமே தூக்கம் சொக்குதும்மா!” என்றது, கண்ணை அகல விரித்து விட்டத்தையே பார்த்தபடி.

“அப்போ நிம்மதியாத் தூங்குங்க” என்று சொல்லிவிட்டு, புறா குஞ்சுகளோடு அடுத்த தெருவுக்குப் பறந்துபோனது.