மாக்கிறட் சொன்ன இருபது

சாள்ஸ் எத்தாளைக் கரையிலிருந்து வள்ளத்தில் தனியே போய்ப் பதினொரு நாள். அவன் ஃபோன் அன்று மத்தியானமே நின்றுவிட்டது. நாளைக்கு அவனுக்கு மரித்தோர் பூசை. மனைவி மாக்கிறட் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவர் இருக்கிறார். எனக்குத் தெரியும்."

சாள்ஸின் தங்கை டயனா காட்ஸ் கட்டோடு வந்து எதிரே அமர்ந்தாள். "அப்படித் தெரியுமெண்டால் நான் எடுக்கிற சீட்டு என்னெண்டு சொல்லுங்க மச்சாள். பத்து சரிவந்தால் பூசையை நானே நிப்பாட்டுறன்."

அது முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டத்துக்கான கட்டு. அந்த ஆட்டத்துக்கு ஏழுக்குக் கீழே உள்ள சீட்டுகள் தேவையில்லை. ரெண்டு முதல் ஆறு வரையான இருபதையும் சாள்ஸ் சட்டைப் பையில் வைத்திருப்பான். வலையை விட்டுக் காத்திருக்கும்போது தனியே அடுக்கிப் பார்ப்பான்.

டயனா ஒரு சீட்டைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். மாக்கிறட் கண்களை மூடினாள்.

"டைமன் ஆறு."

"பிழை."

"ஸ்கோப்பன் மூண்டு."

டயனாவுக்குச் சிரிப்பு வந்தது. "இந்தக் கட்டில மூண்டே இல்லை மச்சாள். இவ்வளவு காலம் அண்ணனோட என்னத்த விளையாடினீங்க?"

மாக்கிறட் நிறுத்தவில்லை. நாலு, ரெண்டு, ஐந்து என்று சொல்லிக்கொண்டே போனாள். எல்லாம் பிழை. ஒன்றுகூட ஆறைத் தாண்டவில்லை. ஒரு சீட்டையும் இரண்டு தரம் சொல்லவில்லை. பதினைந்தாவதில் டயனாவின் சிரிப்பு நின்றது.

இருபத்தோராவது சீட்டுக்கு மாக்கிறட் வாய் திறக்கவில்லை.

"சொல்லுங்க மச்சாள்."

"இனி இல்லை. கடைசிச் சீட்டையும் தண்ணி கொண்டு போயிட்டுது. அவர்ர கையில ஒண்டுமில்லை."

அவள் கண்களைத் திறந்தாள்.

"பூசை எத்தினை மணிக்கு?"