மூன்றாவது கேள்வி

எல்சி கொடுத்த வெள்ளைப் புடவையில், பொட்டில்லாத நெற்றியோடு பச்சையம்மா சுவரோரம் நின்றாள். எதிரே ஸ்டூலில் எத்திராஜ். அவன்தான் இப்போது துரைசானி.

"வாட் ஈஸ் யுவர் நேம்?"

"பச்சையம்மா, மேடம்."

"ஹவ் மெனி சில்ட்ரன்?"

"ஒன் கேர்ள், மேடம்."

"யுவர் ஹஸ்பண்ட்?"

பச்சையம்மா தரையைப் பார்த்தாள். தூளிக் கயிற்றைப் பிடித்து ஆட்டினாள். குழந்தை ஏற்கெனவே தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

"மறுபடி மொதல்லேர்ந்து" என்றான் எத்திராஜ்.

விடிந்ததிலிருந்து இதேதான். எண்ணூர் பங்களா துரைசானிக்கு ஓர் ஆயா வேண்டும். அந்த அம்மாளுக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. நடுவில் ஆள் வைத்துப் பேசுவதும் பிடிக்காது. கேட்டதற்கு இங்கிலீஷில் பதில் சொல்பவளுக்கு வேலை.

எத்திராஜ் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கணக்கு எழுதுவான். கப்பல்காரர்களோடு பேசிப் பேசி இங்கிலீஷ் படிந்திருந்தது. ஒருநாள் கிரேன் சங்கிலி அறுந்ததில் வலது கை முழங்கையோடு போயிற்று. எழுதும் கை இல்லாத குமாஸ்தாவை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. இங்கிலீஷ்தான் மிச்சம்.

"பேபி க்ரை. வாட் யூ டூ?"

"ஐ ஸிங், மேடம்."

"ஹூ வில் கீப் யுவர் சைல்ட்?"

"மை மதர், மேடம்." சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டாள். "எங்கம்மா செத்துப் பூட்டு எத்தினி வருசம் ஆவுது. அதப் போயி இதுல இஸ்துகினு..."

"அதெல்லாம் தொரசானிக்கு எதுக்கு? சிரிக்காம சொல்லு."

"சிரிப்பு வருதே, இன்னா பண்றது?"

"அங்க போயி சிரி. அப்டியே திருப்பி அனுப்புவா."

தீப்பெட்டிக் கம்பெனிச் சங்கு ஊதியது. எத்திராஜ் எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

எல்சி வந்தாள். அதே பங்களாவில் சமையல்காரி. வேலை காலி என்ற செய்தியைக் கொண்டுவந்தவளும் அவள்தான்.

"இன்னா, பரீச்ச முடிஞ்சுதா? எண்ணூர் பஸ்ஸு வர்ற நேரமாச்சு."

"எல்லாம் வருது. ஒண்ணுதான் வர்ல" என்றான் எத்திராஜ்.

"எது?"

"ஹஸ்பண்ட்."

எல்சி தலையில் அடித்துக்கொண்டாள். "அட கண்றாவியே! அதத்தான்டி தொரசானி குடைஞ்சி குடைஞ்சி கேக்கும். போன ஆயாவோட புருசன் குடிச்சிட்டு வந்து கேட்டுக் கதவப் புடிச்சி ஆட்டுனான். அதுலேர்ந்து தாலியறுத்தவளாப் பாத்து இட்டுகினு வான்னு ஒத்தக் கால்ல நிக்கிது. நீ பேந்தப் பேந்த முழிச்சா அடுத்தவளக் கூப்ட்டுடும். அங்க ஏற்கெனவே ரெண்டு பேரு குந்திகினு கீறாளுங்க."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சி இன்னா பிரயோசனம்? அடுப்பு எரியணுமா, வாணாமா?"

அடுப்பின் பக்கம் மூவரும் பார்க்கவில்லை. குழந்தைக்கு மட்டும் எல்சி அனுப்பிய கஞ்சி காலையில் உள்ளே போயிருந்தது.

எத்திராஜ் குரலைத் தணித்தான். "இதோ பாரு. ஹஸ்பண்ட் டெட், மேடம். அவ்ளோதான். எங்க, சொல்லு."

"ஹஸ்பண்ட்..."

"உம்."

"ஹஸ்பண்ட்..."

"டெட்."

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"அழுவாத. அழுதா எப்போ, எப்டின்னு இன்னும் நாலு கேள்வி கேப்பா. சொல்லு!"

"கத்தாதண்ணே, கொழந்த எழுந்துக்கும்" என்றாள் எல்சி. "நீ போயி பஸ்ஸு வருதான்னு பாரு. வந்தா நிறுத்து. இவள நான் பாத்துக்கறேன்."

எத்திராஜ் வெளியே வந்தான். தெருமுனைவரை போகவில்லை. ஓலைத் தட்டியை ஒட்டி நின்று, தீப்பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் குச்சியை உரசினான். கடல் காற்று அணைத்தது. இன்னொன்றை உரசினான். அதுவும் நிற்கவில்லை.

உள்ளே எல்சி துரைசானி மாதிரி மூக்கால் கேட்டாள். "யுவர் ஹஸ்பண்ட்?"

"ஹஸ்பண்ட் டெட், மேடம்."

தடங்கல் இல்லை. உச்சரிப்பும் சுத்தமாக இருந்தது. எத்திராஜ் பற்றவைக்காத பீடியை வாயிலிருந்து எடுத்தான்.

"இன்னொரு வாட்டி. யுவர் ஹஸ்பண்ட்?"

"ஹஸ்பண்ட் டெட், மேடம்."

எல்சி கைதட்டினாள். "அடிப்பாவி! கிளியாட்டம் சொல்றியேடி! பின்ன எதுக்கு காலைலேர்ந்து அந்தாளு உசுர வாங்கிகினு இருந்த?"

உள்ளே தூளிக் கயிறு கிறீச்சிட்டது.

"தாலி கட்டுன ஆளு எதிர்லயே குந்திகினு கீறப்போ, எப்டிக்கா சொல்றது?"