ஐந்தாவது எண்ணில்

இரண்டாவது சரணம் வந்துவிட்டது. அவள் ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அந்த இடத்தைச் சரியாக வாசித்தார்கள் என்றால் கிளம்பிவிடுவது. இனி இந்தக் குழுவின் எந்தக் கச்சேரிக்கும் வருவதில்லை. காலையிலேயே எடுத்த முடிவு.

ரெஜி இல்லாத முதல் கச்சேரி இது. போன டிசம்பரில் செத்துப்போனார். பத்தொன்பது வருடம் அவர் உட்கார்ந்திருந்த டிரம்ஸுக்குப் பின்னால் இப்போது ஒல்லியாக ஒரு பெண். பிரமாதமாக வாசிக்கிறாள். கேட்கக் கேட்க இவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

சரணம் முடிந்ததும் எல்லாம் நின்றுவிடும். மூன்று எண்ணும் வரை மௌனம். நான்கில் டிரம்ஸ் விழ வேண்டும்.

ரெக்கார்டிங் அன்று ரெஜி ஐந்தில் அடித்துவிட்டார். ஸ்டுடியோவில் நேரம் முடிந்துபோயிருந்தது. அப்படியே வெளியிட்டார்கள். அதன் பிறகு மேடையிலும் அவர் ஐந்தில்தான் அடித்தார்.

அவளும்தான். பஸ் ஜன்னலில், ஆபீஸ் மேஜையில், பிரசவ வார்டின் கட்டில் கம்பியில்கூட ஐந்தில்தான் தட்டியிருக்கிறாள். இந்தக் கிறுக்கு தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். கச்சேரியில் ரெஜி அடிக்கிற அடியில் பக்கத்தில் இருப்பவர் தட்டுவது யாருக்குக் கேட்கும்?

பாட்டு நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கில் அந்தப் பெண் அடித்தாள். துளி பிசகில்லை.

ஐந்தில் மைதானம் கைதட்டியது.

ஒரே தட்டு. ஐயாயிரம் பேர். காலுக்குக் கீழே மண் அதிர்ந்தது.

முன்னால் நின்ற வழுக்கைத் தலைக்காரர் திரும்பி, சேர்ந்திருந்த அவள் கைகளைப் பார்த்தார். அவருடைய கைகளும் சேர்ந்துதான் இருந்தன.

இத்தனை பேரா? இத்தனை வருடமும் இத்தனை பேரா?

மேடையில் பாட்டு குலைந்துபோயிற்று. கிதார்க்காரர்கள் கையை எடுத்துவிட்டார்கள். பாடகர் மைக்கைப் பிடித்தார்.

"அவன் தப்பை நாங்க திருத்திட்டு வந்துட்டோம்," என்றார். "மன்னிச்சிடுங்க."



டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் ஒரு குச்சியைத் தூக்கிக் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினாள். மறுபடியும் என்று அர்த்தம். பாடகர் தலையாட்டினார்.

இரண்டாவது சரணத்திலிருந்து தொடங்கினார்கள். இந்த முறை யாரும் கூடப் பாடவில்லை. எல்லோரும் ஒரே இடத்துக்காகக் காத்திருந்தார்கள்.

நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று.

மைதானம் முழுக்கக் கைகள் விரிந்து நின்றன. அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு.

அந்தப் பெண்ணின் குச்சிகள் மேலேயே நின்றன.