தூங்குமூஞ்சி மரத்துச் சாமி

கலாதேவி டீச்சர் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்பதைப் பார்த்து, தாப்பா டவுனிலிருந்து வந்திருந்த பெண்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் மஞ்சள் துணி கட்டிய கல். அதன் முன்னால் சூலம், எலுமிச்சம்பழம், விளக்கு.

"டீச்சருக்கு எம்புட்டு பக்தி, பாருங்க" என்றாள் உள்ளூர்க்காரி பிரமிளா.

பக்தியாவது ஒன்றாவது. கண்ணைத் திறந்தால் இவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற வெட்கம். ஆற்றோரம் கிடந்த கல்லைப் பொறுக்கி, மஞ்சள் பூசி, போன வாரம் அங்கே நட்டு வைத்தவளே டீச்சர்தான்.

வேறு என்ன செய்வாள்? பழைய ரப்பர் தோட்டத்தில் மிஞ்சியிருந்த பெரிய மரம் இது ஒன்றுதான். சாலையை அகலப்படுத்த இதை வெட்டப் போகிறார்கள் என்றதும் மனு கொடுத்தாள், பருவநிலை மாற்றம் பற்றிக் கூட்டம் போட்டாள். வந்தவர்கள் நாசி லெமாக் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பூமி சூடாகிறது என்றதற்கு, "ஏர்கோன் போடுங்க லா" என்றார் ஒருவர்.

கல் பேசாமலே காரியத்தை முடித்தது. அதை நட்ட மறுநாள் மரத்தைச் சாய்க்க வந்த கனகராஜ், மண்வாரி எந்திரத்தை நிறுத்தி, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். அதோடு வேலை நின்றது.

"என் மகளுக்கு இழுப்பு, டீச்சர்" என்றாள் பிரமிளா. "நேத்து இங்க துன்னூறு பூசிட்டுப் போனேன். ராத்திரி நல்லா தூங்கிருச்சு."

கலாதேவிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அறிவியல் பாடம் நடத்துகிறவள் செய்கிற காரியமா இது? புள்ளைய டாக்டர்கிட்ட காட்டு, இது வெறும் கல் என்று சொல்லிவிட வாயெடுத்தாள்.

அதற்குள் சட்டமன்ற உறுப்பினரின் கார் வந்து நின்றது. போன வருஷம் மரம் நடு விழாவில் ஒரு கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொண்டவர். கன்றை அந்த வாரமே ஆடு மேய்ந்துவிட்டது. டீச்சரின் மனுவுக்குப் பதிலே போடாத அவர், கல்லின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார்.

"ரோடு இந்தப் பக்கம் வராது. நான் பேசிட்டேன். இந்த எடம் இனிமே சாமிக்குத்தான், என்ன செய்யணுமோ செய்ங்க."

கூட்டம் கைதட்டியது. ஊர்ப் பெரியவர் முருகப்பன் உடனே டேப்பை எடுத்து மரத்தைச் சுற்றி அளக்க ஆரம்பித்தார். மரத்துக்கு வேலி போடுகிறார்கள் என்று நினைத்ததும் டீச்சருக்குக் கண் கலங்கியது. ஊரை ஏமாற்றிய வெட்கம் சாகும்வரை போகாது. ஆனாலும் மரம் பிழைத்துவிட்டது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள்.

கூட்டத்தில் நின்ற கனகராஜ், அன்றிலிருந்து அங்கேயே கிடந்த மண்வாரியில் ஏறி எஞ்சினை முடுக்கினான். கலாதேவி பதறிப்போய் ஓடினாள்.

"ரோடுதான் வரலியே தம்பி, மெஷின எதுக்கு எடுக்கிற?"

"கோயில் கட்டணும் லா டீச்சர், மரம் இடைஞ்சலா இருக்கு."